ஜிப்லைன் இல்லாத பூங்காவுக்கு ஏன் இத்தனை கட்டுப்பாடு? அடையாறு தொல்காப்பியப் பூங்காவும் ‘ஒண்ணுமே இல்லையே’ என்ற ஏமாற்றமும்

சனிக்கிழமை காலை. வேளச்சேரியிலிருந்தோ ஓஎம்ஆரிலிருந்தோ குழந்தையுடன் கிளம்பி, கூகுள் மேப் காட்டிய வழியில் ராஜா அண்ணாமலைபுரம் வந்து, டாக்டர் டி.ஜி.எஸ். தினகரன் சாலையில் வண்டி நிறுத்த இடம் தேடி, ஒருவழியாக உள்ளே போய்ச் சுற்றிவிட்டு வெளியே வரும் இளம் தம்பதி பேசிக்கொள்வது பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். ‘நல்லாத்தான் இருக்கு. ஆனா பார்க்க ஒண்ணுமே இல்லையே?’

தொல்காப்பியப் பூங்கா என்ற அடையாறு சூழலியல் பூங்காவைப் பற்றிய புகார்களில் இதுதான் முதல் இடம். பூச்செடி இல்லை, கண்ணாடி மாளிகை இல்லை, ஜிப்லைன் இல்லை, உட்கார்ந்து சாப்பிட இடமில்லை. போதாக்குறைக்கு அதைச் செய்யாதே, இங்கே போகாதே என்று ஏகப்பட்ட கட்டுப்பாடு. சுமார் 42 கோடி ரூபாய் செலவில் புதுப்பிக்கப்பட்டு 2025 அக்டோபரில் மீண்டும் திறக்கப்பட்ட பிறகு இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிவிட்டது. ‘எங்க வரிப்பணம்தானே, அப்புறம் ஏன் எங்களையே கேட்ல நிறுத்துறாங்க?’

நியாயமான கேள்வி. ‘இயற்கையைக் காக்கத்தான்’ என்ற ஒற்றை வரிப் பதில் இதற்குப் போதாது.

முதலில், இது எந்த வகைப் பூங்கா?

குழப்பம் பெயரிலேயே தொடங்குகிறது. ‘பூங்கா’ என்ற ஒரே சொல்லில் மூன்று வேறு விஷயங்களை அடைத்து வைத்திருக்கிறோம்.

ஒன்று, ஊஞ்சலும் நடைபாதையும் உள்ள தெருமுனைப் பூங்கா. இரண்டாவது, தாவரவியல் பூங்கா. பல ஊர்ச் செடிகளைக் கொண்டுவந்து வளர்த்து, ஒவ்வொன்றுக்கும் பெயர்ப்பலகையும் பதிவேடும் வைத்து, ஆராய்ச்சிக்கும் காட்சிக்கும் பயன்படுத்துகிற இடம். லண்டனின் கியூ, ஊட்டியில் 1848-ல் தொடங்கிய அரசுத் தாவரவியல் பூங்கா, பெங்களூரு லால்பாக், இலங்கையின் பேராதனை எல்லாம் இந்த ரகம். மூன்றாவது, சிதைந்துபோன ஒரு நிலத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் முயற்சி. அங்கே செடி ஒரு காட்சிப்பொருள் அல்ல, அது வேலை செய்கிற ஆள்.

செம்மொழிப் பூங்கா இரண்டாவது ரகம். கதீட்ரல் சாலையில் உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் உணவகம் இருந்த இடத்தில், சுமார் 20 ஏக்கரில், 2010 நவம்பரில் திறக்கப்பட்டது. இன்றும் அந்த டிரைவ்-இன் தோசையை நினைத்துப் பெருமூச்சு விடும் மயிலாப்பூர்க்காரர்கள் உண்டு. அதற்கு எதிரே 2024 அக்டோபரில் திறந்த கலைஞர் நூற்றாண்டுப் பூங்கா, ஜிப்லைனும் பறவைக் கூடமும் இசை நீரூற்றும் சேர்ந்த பொழுதுபோக்கு வளாகம். கோவை காந்திபுரத்தில் மத்தியச் சிறை வளாக நிலத்தில் 45 ஏக்கரில் 2025 நவம்பரில் திறந்த செம்மொழிப் பூங்காவும் நகரத்துக்கு நடுவே பெரிதாக எழுந்த நவீனத் தாவரவியல் பூங்காதான்.

ராஜா அண்ணாமலைபுரத்தில் இருப்பதோ மூன்றாவது ரகம். ஒருவர் மற்ற இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு இங்கே வந்தால் ஏமாற்றம் நிச்சயம். அதில் அவர் தப்பு ஒன்றுமில்லை. வாசலில் யாரும் அதைச் சொல்லித் தருவதில்லை என்பதுதான் குறை.

குப்பைமேட்டிலிருந்து

அடையாறு கடலில் கலக்கும் முன், அதிலிருந்து ஒரு கிளை வடக்கே வளைந்து போகிறது. ஆறும் இல்லை, குளமும் இல்லை. கடல் ஏறும்போது உப்புநீர் உள்ளே வரும், இறங்கும்போது வெளியே போகும். இதைத்தான் உப்பங்கழி என்கிறோம். குயிபிள் தீவு என்று இன்றும் ஒரு பகுதிக்குப் பெயர் இருப்பது, அதைச் சுற்றி இந்தக் கழி ஓடியதால்தான். இப்போது அங்கே போய் நின்றால் தீவு எங்கே என்று தேட வேண்டியிருக்கும்.

நகரம் வளர வளர இந்தக் கழிக்கு என்ன ஆனது என்பதை யாரும் விளக்கத் தேவையில்லை. எம்.ஆர்.சி. நகரின் உயரமான கட்டடங்களும், அரங்குகளும், நட்சத்திர ஓட்டல்களும் நிற்கும் பகுதியில் கணிசமான நிலம், ஒரு காலத்தில் கழிமுகத்தின் ஈரநிலம்தான். மீதி இருந்த தண்ணீரில் இடித்த கட்டடக் கழிவும் குப்பையும் சாக்கடையும் சேர்ந்தன. இந்தக் கழியைக் காப்பாற்றச் சொல்லி ஆர்வலர்கள் நீதிமன்றம் வரை போனார்கள்.

2006-ல் அடையாறு பூங்கா அறக்கட்டளை அமைந்தது. அதுதான் 2010-ல் சென்னை நதிகள் சீரமைப்பு அறக்கட்டளை ஆனது. ஆரோவில்லைச் சேர்ந்த பிச்சாண்டிகுளம் வனக் குழு வடிவமைப்பில் கை கொடுத்தது. வறண்ட செம்மண் மேட்டில் உள்ளூர்க் காட்டை மீட்டெடுத்த அனுபவம் அவர்களுக்கு இருந்தது. கழிவை அள்ளி, மண்ணைத் தோண்டி, தண்ணீர் நிற்க இடம் உண்டாக்கி, உள்ளூர் மரக்கன்றுகளை நட்டு, 58 ஏக்கரில் முதல் கட்டம் 2011 ஜனவரியில் திறக்கப்பட்டது. அடுத்து கழிமுகத்தை ஒட்டிய 300 ஏக்கர் இரண்டாவது கட்டம்.

58 என்பது மொத்த 358-ல் ஆறில் ஒரு பங்கு என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளலாம். பின்னால் தேவைப்படும்.

‘ஒண்ணுமே இல்லை’ என்ற இடத்தில் என்ன நடக்கிறது?

பூங்காவின் நீரோரத்தில் நிற்கும் அலையாத்தி மரங்களை எடுத்துக்கொள்வோம். கண்ணுக்குச் சாதாரணப் புதர். வெண்கண்டலைச் சுற்றிச் சேற்றிலிருந்து பென்சில் நட்டுவைத்தாற்போல் குச்சி குச்சியாக நிற்பவை அதன் வேர்கள். சேற்றுக்குள் காற்று இல்லை என்பதால் மூச்சுக்காக மேலே வந்தவை. இலையைத் தடவி நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கும். உறிஞ்சிய உப்பை அந்த மரம் இலை வழியாக வெளியே தள்ளுகிறது. அதன் உறவுக்கார மரம்போல் பக்கத்தில் நிற்கும் சுரபுன்னைக்கு இன்னொரு தந்திரம். விதை கீழே விழுந்து அலையில் அடித்துப்போகாமல், தாய்மரத்தில் தொங்கும்போதே முளைத்து, முருங்கைக்காய் மாதிரி நீண்டு, பிறகுதான் சேற்றில் விழுகிறது. பிச்சாவரத்துக்குப் படகில் போய்ப் பார்க்கும் விஷயத்தை, மந்தைவெளி ரயில் நிலையத்திலிருந்து ஆட்டோ தூரத்தில் பார்க்கலாம்.

நீரை விட்டுக் கொஞ்சம் மேலே ஏறினால் காடு மாறுகிறது. புன்னை, பூவரசு, தாழை. இன்னும் உள்ளே நாவல், இலுப்பை, மகிழம், பாலை, வீரை. சோழமண்டலக் கரையின் சொந்தக் காடு இது. இலை உதிர்க்காது, ஆனால் மழைக்காடும் அல்ல. கூரை மாதிரி அடர்ந்து, உயரம் குறைந்து, வேனிலிலும் பச்சையாக நிற்கும். இன்று அதன் மிச்சங்கள் பெரும்பாலும் கோயில்காடுகளில்தான் இருக்கின்றன. சென்னை எந்தக் காட்டின் மேல் கட்டப்பட்டது என்று ஒரு குழந்தை கேட்டால், காட்டுவதற்கு இப்படி ஒன்றிரண்டு இடங்களே மிச்சம்.

இந்த இடத்தில் தொல்காப்பியர் பெயர் சும்மா ஒட்டவைத்த லேபிள் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். மரபியலில் அவர் தாவரங்களை இரண்டாகப் பிரிக்கிறார். வயிரம் வெளிப்புறம் இருந்தால் புல், உள்ளே இருந்தால் மரம். அப்படிப் பார்த்தால் பனையும் தென்னையும் மூங்கிலும் புல்! கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால், ஒருவித்திலை, இருவித்திலை என்று இன்றைய தாவரவியல் பிரிக்கும் கோடும் கிட்டத்தட்ட அதே இடத்தில்தான் ஓடுகிறது. உயிர்களை அறிவால் வரிசைப்படுத்தும்போது புல்லுக்கும் மரத்துக்கும் ஓரறிவு, நண்டுக்கும் தும்பிக்கும் நான்கு என்கிறார். கழியோரச் சேற்றில் வளை தோண்டும் நண்டைப் பார்த்துக்கொண்டே இதைச் சொன்னால் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒரே நாளில் இரண்டு பாடம் முடிந்தது.

நண்டு அங்கே சும்மா இருப்பதும் இல்லை. அது தோண்டும் வளை வழியாகத்தான் சேற்றுக்குள் காற்றும் நீரும் போகின்றன. உதிர்ந்த இலையை அது தின்று நொறுக்க, நுண்ணுயிர்கள் மீதியைப் பார்த்துக்கொள்ள, மீன்குஞ்சு வளர, மீன்கொத்தியும் நீர்க்காகமும் மடையானும் வர, சங்கிலி அப்படிப் போகிறது. பூங்காவில் ‘பார்க்க’ வேண்டியது இந்தச் சங்கிலிதான். அது ரீல்ஸுக்கான பதினைந்து விநாடிக்குள் அடங்காது.

கூட்டத்தால் என்ன கெடும்?

கெடுவது செடி அல்ல. பறவைக்கு நிம்மதி, மண்ணுக்கு மிருது, இந்த இரண்டும்தான். கூடு கட்டும் பறவை அருகே ஆள் நடமாட்டம் அதிகமானால் முட்டையை விட்டு எழுந்து பறக்கும். வெயிலில் முட்டை வேகும், காகம் கொத்தும். ஈரமண்ணில் ஆயிரம் கால் நடந்தால் அது இறுகும், வளை மூடும். சாப்பாட்டுப் பொட்டலம் வந்தால் காகமும் நாயும் எலியும் வரும், பிறகு சின்னப் பறவைகள் போகும். இதனால்தான் தொடக்க ஆண்டுகளில் பொதுமக்களுக்கு வாரத்தில் சில நாள்கள் மட்டும், குறித்த நேரத்தில், வழிகாட்டியோடு என்று வைத்திருந்தார்கள். பள்ளி மாணவர்களுக்கு முன்னுரிமை கொடுத்தார்கள்.

கலைஞர் நூற்றாண்டுப் பூங்காவில் திறந்த சில நாள்களில் என்ன கூட்டம் என்று எல்லோருக்கும் தெரியும். அது கூட்டத்துக்காகக் கட்டியது, தாங்கும். நுழைவுக் கட்டணம் பெரியவர்களுக்கு 100 ரூபாய் என்பதைப் பற்றிச் சண்டை வந்ததே தவிர, கூட்டம் வந்ததால் எந்தப் பறவையும் ஊரை விட்டுப் போகவில்லை. உப்பங்கழியில் அந்தக் கணக்கு செல்லாது.

சிங்கப்பூர் போய்வரும் சென்னைக்காரர்களுக்கு இது எளிதாகப் புரியும். கார்டன்ஸ் பை தி பே 2012-ல் திறந்தது. வானுயர இரும்பு மரங்களும் குளிரூட்டிய கண்ணாடிக் கூடங்களும் கொண்ட 101 ஹெக்டேர். போட்டோ எடுக்காத ஆள் கிடையாது. அதே தீவின் வடமேற்கு மூலையில் சுங்கை பூலோ என்ற சதுப்புநிலக் காப்பகம் இருக்கிறது. 1993 முதல் மக்கள் போய் வருகிறார்கள். மரப்பலகை நடைபாதை, பறவை பார்க்க மறைவிடம், அவ்வளவுதான். ஒரே அரசு, இரண்டு இடங்களையும் இரண்டு விதமாக நடத்துகிறது. ஒன்றை இன்னொன்றாக மாற்றச் சொல்லி யாரும் கேட்பதில்லை. ஹாங்காங்கில் மாய் போ சதுப்புநிலத்துக்குள் போக அனுமதிச் சீட்டே வேண்டும்.

அவ்வளவு தூரம் போவானேன். ஜனவரி முதல் மார்ச் வரை வார இறுதி நள்ளிரவில் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை மணலில் ஆமை நடை போகிற கூட்டத்தில் பெரும்பாலோர் ஐடி ஊழியர்களும் மாணவர்களும்தான். 1988 முதல் மாணவர் தன்னார்வலர்கள் நடத்துவது. டார்ச் அடிக்கக் கூடாது, சத்தம் கூடாது, தன்னார்வலர் சொல்கிற இடத்தில் நிற்க வேண்டும். ஏழு கிலோமீட்டர் நடந்தும் ஒரு பங்குனி ஆமைகூடக் கண்ணில் படாமல் போகலாம். அவர்கள் யாரும் ‘ஒண்ணுமே இல்லையே’ என்று ரிவ்யூ எழுதுவதில்லை. ஏன் என்றால், நடை தொடங்கும் முன் அரை மணி நேரம் உட்காரவைத்து, என்ன பார்க்கப் போகிறோம், ஏன் பார்க்காமலும் போகலாம் என்று சொல்லிவிடுகிறார்கள். கழிமுகத்தின் அக்கரையில் நடப்பது, இக்கரையில் ஏன் நடக்கக் கூடாது?

கேட் மேல் ஏன் கோபம்?

இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது. ‘கட்டுப்பாடு தேவை’ என்பதோடு நிறுத்திக்கொண்டால் பாதி உண்மைதான் சொன்னதாக ஆகும்.

தென்சென்னையின் வரைபடத்தில் பச்சையாகத் தெரியும் இடங்களைப் பார்த்தால் ஒரு விஷயம் உறுத்தும். அடையாறு தெற்குக் கரையில் பிரம்மஞான சபை. 1882-ல் ஹடில்ஸ்டன் தோட்டத்தை வாங்கி வந்தவர்கள், பேர்பெற்ற ஆலமரம் அங்கேதான். மேற்கே போனால் ஆளுநர் மாளிகை, அதை ஒட்டி சுமார் 270 ஹெக்டேர் கிண்டி தேசியப் பூங்கா, அதிலிருந்து பிரிந்த ஐஐடி வளாகம். வடகரையில் செட்டிநாடு அரண்மனை, போட் கிளப் பக்கத்துத் தோட்ட வீடுகள். மரம் மிஞ்சியிருக்கும் இடம் எல்லாம் கேட் போட்ட இடம். கேட் இல்லாத இடத்தில் மரம் மிஞ்சவில்லை.

இதை இரண்டு விதமாகப் படிக்கலாம். கேட்தான் காட்டைக் காப்பாற்றியது என்பது ஒன்று. காடு என்பது சென்னையில் எப்போதும் வசதியுள்ளவர் வீட்டுக் கொல்லையாகவே இருந்தது என்பது இன்னொன்று. இரண்டும் உண்மை. அதனால்தான் இன்னொரு புது கேட்டைப் பார்த்ததும் மக்களுக்குச் சந்தேகம் வருகிறது. ‘இதுவும் யாரோ சிலருக்குத்தானா?’

தொல்காப்பியப் பூங்காவின் கேட் அந்த வரிசையில் சேரக் கூடாது என்றால், அது யாரையும் உள்ளே ‘வைத்துக்கொள்ளாத’ கேட்டாக இருக்க வேண்டும். யாரை எப்போது உள்ளே விடுகிறோம் என்ற முடிவில்தான் அது தெரியும்.

உதாரணமாக, நடைப்பயிற்சி. எந்தப் பூங்காவைத் திறந்தாலும் முதல் கோரிக்கை இதுதான். காலையில் வாக்கிங் போக விடுங்கள். கேட்க எளிமையாக இருக்கும். ஆனால் காலை ஆறரை மணிக்கு இங்கே நடக்க வரக்கூடியவர் யார்? நடந்து வரும் தூரத்தில் வீடு உள்ளவர். எம்.ஆர்.சி. நகரிலும் ராஜா அண்ணாமலைபுரத்திலும் வீடு உள்ளவர் யார் என்பதற்கு ரியல் எஸ்டேட் விளம்பரத்தைப் பார்த்தால் போதும். பறவைகள் அதிகம் இயங்கும் அந்த விடிகாலை நேரத்தை அக்கம்பக்கத்து வாக்கிங் டிராக்காகக் கொடுத்துவிட்டு, வியாசர்பாடியிலிருந்தோ அம்பத்தூரிலிருந்தோ வரும் குடும்பத்தை வெயில் ஏறிய பிறகு வரச்சொல்வது கட்டுப்பாடு ஆகாது. சலுகை ஆகும். விடிகாலையைக் கொடுப்பதென்றால் பறவை பார்க்க வரும் மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். நடக்க மெரினா இருக்கிறது, பட்டினப்பாக்கம் கடற்கரை இருக்கிறது.

அடுத்தது, வேலைக்குப் போகிறவர்கள். செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு மணிக்குப் பூங்கா பார்க்க வரச்சொன்னால் முப்பது வயதுக்காரர் எவரும் வரமாட்டார். சனி, ஞாயிறு காலையில் சின்னச் சின்னக் குழுக்களாக, முன்பதிவு செய்து, வழிகாட்டியோடு என்று வைத்தால் கூட்டமும் கட்டுக்குள் இருக்கும், வருகிறவருக்கும் விஷயம் போய்ச் சேரும். கிரீன்வேஸ் சாலையிலும் மந்தைவெளியிலும் மெட்ரோவின் இரண்டாம் கட்ட நிலையங்கள் தயாராகிக்கொண்டிருக்கின்றன. அவை திறந்தால் இங்கே வருவது இன்னும் சுலபம். அதற்கு முன்பே இந்த ஏற்பாட்டை உறுதிசெய்துவிட வேண்டும், கூட்டம் வந்தபிறகு கயிறு கட்டுவது சண்டையில்தான் முடியும். இப்போதைக்கு நேரமும் கட்டணமும் மாறிக்கொண்டிருப்பவை என்பதால், சென்னை நதிகள் சீரமைப்பு அறக்கட்டளையின் இணையதளத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புவது நல்லது.

வழிகாட்டி யார் என்பதிலும் ஒரு வாய்ப்பு இருக்கிறது. கழிமுகத்தின் வாயில் சீனிவாசபுரம் இருக்கிறது. எந்த மாதம் மணல்திட்டு ஆற்று வாயை மூடும், எப்போது எந்த மீன் உள்ளே ஏறும் என்பது அங்குள்ள மீனவக் குடும்பங்களுக்குப் பாடம் படிக்காமலே தெரியும். 2004 சுனாமியிலும் 2015 டிசம்பர் வெள்ளத்திலும் தண்ணீர் முதலில் தட்டியது அவர்கள் கதவைத்தான். அங்குள்ள இளைஞர்களில் சிலருக்குப் பயிற்சி கொடுத்து, கெளரவமான சம்பளத்தில் வழிகாட்டியாக வைத்தால், தாவரவியல் பட்டதாரி சொல்ல முடியாத பலதும் பார்வையாளர் காதில் விழும். உப்பங்கழியோடு வாழ்ந்தவர்களுக்கு அந்த வேலியில் ஒரு சாவியும் கிடைத்ததாக இருக்கும்.

வேலிக்கு வெளியே

இப்போது அந்த 358-க்கு வரலாம்.

பூங்காவுக்குள் வரும் தண்ணீர் இரண்டு வழியில் வருகிறது. வானத்திலிருந்து, கழியிலிருந்து. அலைநீர் சாலைகளுக்கு அடியிலுள்ள திறப்புகள் வழியாகத்தான் வந்து போக வேண்டும். கடல்வாயில் மணல்திட்டு மூடிவிட்டால் அதுவும் நின்றுவிடும். கழியும் ஆறும் சாக்கடையைச் சுமந்துகொண்டிருக்கும்வரை, 58 ஏக்கருக்குள் எவ்வளவு மரம் நட்டாலும் அது ஒரு வேலிக்குள் நடக்கும் வைத்தியம்தான். சைதாப்பேட்டைப் பாலத்திலோ திரு.வி.க. பாலத்திலோ வண்டி ஜன்னலை ஏற்றிக்கொள்கிற எவருக்கும் ஆற்றின் இன்றைய நிலை தெரியும்.

இதனால்தான் செலவுக் கணக்கை எப்படிப் பார்ப்பது என்பது முக்கியமாகிறது. நுழைவு வளாகம், பார்வையாளர் மையம், நடைபாதை, பாலம் ஆகியவை கண்ணுக்குத் தெரியும், ரிப்பன் வெட்டலாம், போட்டோ வரும். தண்ணீரின் உப்பளவு குறைந்ததோ ஆக்ஸிஜன் கூடியதோ போட்டோவில் வராது. ஆனால் இந்தப் பூங்கா வெற்றியா தோல்வியா என்று சொல்லக்கூடியவை அந்த எண்கள்தான். மாதம் ஒருமுறை நீர்ப் பரிசோதனை முடிவையும் பறவைக் கணக்கையும் வாசலில் பெரிதாக எழுதிவைத்தால், ‘எங்க வரிப்பணம் எங்கே போச்சு’ என்று கேட்கிறவருக்கு அதைவிட நேர்மையான பதில் இருக்க முடியாது. எண் மோசமாகும் மாதத்திலும் எழுத வேண்டும். அதுதான் கஷ்டம்.

சென்னைக்குத் தாவரத் தோட்டம் புதிதும் அல்ல. 1780-களிலேயே கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் நுங்கம்பாக்கத்தில் தோட்டம் போட்டார். சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் ஒன்றும் வைத்தார். கள்ளிச் செடியில் வாழும் ஒரு பூச்சியிலிருந்து சிவப்புச் சாயம் எடுத்து விற்பது திட்டம். அது வியாபாரமாக எடுபடவில்லை. அந்தக் காலத் தாவரவியல் தோட்டங்கள் பலவும் அப்படித்தான், எந்தச் செடியில் என்ன லாபம் என்று பார்க்கத் தொடங்கியவை. ஊட்டியில் தோட்டம் அமைத்த மெக்ஐவர்தான் நீலகிரியில் சின்கோனா பயிரிடலையும் முன்னெடுத்தார். செடி மனிதனுக்கு என்ன தரும் என்ற கேள்வியிலிருந்து, செடிக்கு நாம் எவ்வளவு இடம் விடுவோம் என்ற கேள்விக்கு வர நமக்கு இருநூறு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

அந்த இடத்துக்கு இன்னும் முழுசாக வந்துவிடவில்லை என்பதற்குச் சின்ன அடையாளம் ஒன்று உண்டு. புதிய பூங்கா அறிவிப்பு வரும்போதெல்லாம் செய்தியில் முதல் வரி பரப்பளவு, இரண்டாவது கோடி, மூன்றாவது ‘சிறப்பம்சங்கள்’. இந்த இடத்தில் முன்பு என்ன இருந்தது, எந்தத் தண்ணீர் எங்கிருந்து எங்கே போனது என்று ஒரு வரி வருவதில்லை. வந்திருந்தால், 58 ஏக்கரைப் பார்த்துவிட்டு வெளியே வரும் அந்தத் தம்பதி, வண்டியை எடுத்துக்கொண்டு நேரே வீட்டுக்குத் திரும்பாமல், சாந்தோம் நெடுஞ்சாலைப் பக்கம் போய், மீதி 300 ஏக்கர் எங்கே இருக்கிறது, அதில் இப்போது என்ன மிதக்கிறது என்றும் ஒருமுறை எட்டிப் பார்த்திருப்பார்கள்.